நுரையிலிருந்து நீர் வடிவதை அளப்பது எப்படி? சர்ஃபாக்டன்ட்டின் வேலையைக் கண்ணால் பார்க்க ஒரு வழிகாட்டி

ஒரு கண்ணாடிக் குடுவையில் சோப்புக் கரைசலைப் பாதியளவு ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, மேசைமேல் வைத்துவிட்டுப் பாருங்கள். முதலில் நுரை பால்போல் வெளுத்திருக்கும். சில நொடிகளிலேயே அடியில் தெளிந்த நீர் தேங்கத் தொடங்கும். சில நிமிடங்களில் மேற்பகுதியின் வெண்மை மங்கி, குமிழிகளின் உருண்டை வடிவம் மறைந்து, தட்டையான முகங்கள் கொண்ட பலகோணக் கூடுகள் தெரியும். நுரை இன்னும் உடையவில்லை. அதற்குள்ளிருந்த நீர் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த இறக்கத்துக்கு நுரை வடிதல் என்று பெயர். நெருப்பணைக்கும் நுரையின் தரத்தைச் சோதிப்பவர்கள்கூட, நுரையில் உள்ள நீரில் கால் பங்கு வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள்.

நுரையைப் படிக்க வரும் பலர் ஒரே எண்ணத்தோடு வருகிறார்கள்: சர்ஃபாக்டன்ட் (நீரின் பரப்பில் போய் அமரும் சோப்பு போன்ற பொருள்) நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, எனவே இழுவிசை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மெதுவாக நுரை வடியும். நானும் அப்படித்தான் நம்பித் தொடங்கினேன். இது தவறு. பரப்பு இழுவிசை ஏறக்குறைய ஒன்றாகவே உள்ள இரண்டு கரைசல்களின் நுரைகள்கூட வெவ்வேறு வேகத்தில் வடியலாம். நீர் ஓடும்போது குமிழியின் சுவரும் கூடவே நகர்கிறதா, அசையாமல் நிற்கிறதா என்பதில்தான் அந்த வேறுபாடு இருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்லித்தரும் சோதனை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

நீர் எந்த வழியாக இறங்குகிறது?

சோதனைக்கு முன்பு நுரையின் உள்ளமைப்பு மனத்தில் பதிய வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் குமிழிகளுக்கு இடையே மெல்லிய சவ்வு இருக்கிறது. மூன்று சவ்வுகள் சந்திக்கும் இடத்தில், மூன்று பக்கமும் உட்குழிந்த ஒரு நீண்ட வாய்க்கால் உருவாகிறது. இதற்குப் பிளாட்டோ விளிம்பு என்று பெயர். பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ சோப்புச் சவ்வுகளின் வடிவ விதிகளை 1873இல் நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்குப் பார்வை முற்றிலும் போயிருந்தது; மற்றவர்கள் பார்த்துச் சொல்ல, அவர் சிந்தித்து எழுதினார். அவர் கண்டபடி, சவ்வுகள் மூன்று மூன்றாக 120 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. வாய்க்கால்கள் நான்கு நான்காக ஏறத்தாழ 109.5 பாகையில் ஒரு சந்தியில் கூடுகின்றன.

நுரையில் உள்ள நீரில் மிகப் பெரும் பங்கு வாய்க்கால்களிலும் சந்திகளிலும்தான் இருக்கிறது. சவ்வுகளில் இருப்பது மிகக் குறைவு. வாய்க்காலின் சுவர் உட்குழிந்திருப்பதால் அதற்குள் அழுத்தம் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தம் சவ்வுகளிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய நீரைப் புவியீர்ப்பு வாய்க்கால் வழியாகக் கீழே இழுக்கிறது. ஆகவே வடிதலின் வேகம் என்று நாம் அளப்பது, பெரும்பாலும் இந்த வாய்க்கால் வலையின் வழியே நீர் ஓடும் வேகம்தான்.

சர்ஃபாக்டன்ட் செய்யும் மூன்று வேலைகள்

சர்ஃபாக்டன்ட் மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும்; மறுமுனை நீரை வெறுக்கும். எனவே அது நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் போய் அமர்கிறது. அங்கே அது மூன்று வேலைகள் செய்கிறது. முதலிரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை, சவ்வைக் காப்பது. சவ்வின் ஓரிடம் இழுபட்டு மெலிந்தால் அங்கே சர்ஃபாக்டன்ட் அடர்த்தி குறையும், பரப்பு இழுவிசை கூடும். கூடிய இழுவிசை பக்கத்துப் பரப்பையும் அதன் அடியிலுள்ள நீரையும் தன் பக்கம் இழுத்து மெலிந்த இடத்தை நிரப்பும். இத்தாலியர் கார்லோ மாரங்கோனியின் பெயரால் இது மாரங்கோனி விளைவு எனப்படுகிறது. தூய நீரில் இந்தப் பழுதுபார்ப்பு நடக்காது. அதனால்தான் தூய நீரைக் குலுக்கினால் நுரை நிற்பதில்லை.

இரண்டாவது வேலை, சவ்வின் இரு முகங்களையும் ஒன்றையொன்று நெருங்க விடாமல் தள்ளி வைப்பது. மின்னூட்டம் உள்ள சர்ஃபாக்டன்ட் என்றால் இரு முகங்களிலும் ஒரே மின்னூட்டம் இருக்கும். அவை ஒன்றையொன்று விலக்கும். கரைசலில் உப்புச் சேர்த்தால் அந்த விலக்கம் எட்டும் தூரம் சுருங்கிச் சவ்வு இன்னும் மெலியும். இந்த இரண்டு வேலைகளும் நுரை எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதை முடிவு செய்கின்றன. நீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை முடிவு செய்வது மூன்றாவது வேலை.

வயலுக்குப் போகும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கரை அசையாமல் நிற்கிறது. கரையை ஒட்டிய நீர் தயங்குகிறது. நடுவில் நீர் வேகமாகப் போகிறது. இப்போது அந்தக் கரையே நீரோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினால்? தடை சொல்ல யாருமில்லை. நீர் மொத்தமாக நழுவிப் போகும். நுரையின் வாய்க்காலில் கரையாக இருப்பது சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகளின் ஒற்றை அடுக்குதான். அந்த அடுக்கு தளர்வாக இருந்தால் நீர் இழுக்கும் பக்கம் அதுவும் போகும். இறுக்கமாக இருந்தால் கெட்டியான கரைபோல் நிற்கும்.

ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் சோடியம் டோடெசில் சல்பேட் தூயதாக இருக்கும்போது அதன் அடுக்கு தளர்வானது. அதனுடன் டோடெக்கனால் என்னும் கொழுப்பு ஆல்கஹாலைச் சிறிதளவு கலந்தால், ஆல்கஹால் மூலக்கூறுகள் இடைவெளிகளில் புகுந்து அடுக்கை நெருக்கிப் பிடிக்கின்றன, சுவர் இறுகிவிடுகிறது. கேசின் போன்ற புரதங்கள் பரப்பில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், பொதுவாக அவையும் இறுகிய சுவரையே தருகின்றன.

சுவர் இறுகினால் தடை முழுவதும் வாய்க்காலின் நீளத்தில் இருக்கிறது. மெல்லிய குழாய்க்குள் நீர் ஓடுவது போன்ற ஓட்டம் அது. சுவர் தளர்ந்தால் வாய்க்காலில் தடை குறைந்து, நான்கு வாய்க்கால்கள் கூடும் சந்திகளில் நீர் கலந்து பிரிவதுதான் பெரிய தடையாகிவிடுகிறது. இந்த இரண்டு நிலைகளையும் வேகத்தின் அளவால் மட்டும் பிரிப்பது கடினம். ஓட்டம் கூடும்போது வேகம் எப்படிக் கூடுகிறது என்று பார்த்தால் பிரித்துவிடலாம். நீங்கள் செய்யப்போவது அதைத்தான்.

முதற்படி: குழாயும் கரைசல்களும்

ஏறத்தாழ 3 செ.மீ. உள்விட்டமும் 50 செ.மீ. உயரமும் கொண்ட, ஒளி ஊடுருவும் கண்ணாடி அல்லது அக்ரிலிக் குழாய் ஒன்று வேண்டும். அடிப்பக்கத்தை ரப்பர் அடைப்பானால் மூடி, அதன் வழியே 0.2 மி.மீ. துளையுள்ள ஊசி ஒன்றை மேல்நோக்கிச் செருகுங்கள். மீன் தொட்டிக்குப் பயன்படும் சிறிய காற்றுப் பம்பே காற்றுக்குப் போதும். குழாயின் வெளிப்புறம் மில்லிமீட்டர் தாளை ஒட்டிவிடுங்கள். குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் நீர் ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஓடிவிடும்.

கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. விரல் ரேகைகூட நுரையை உடைக்கும். எத்தனாலால் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசுங்கள். கழுவப் பயன்படுத்திய சோப்பு மிச்சம் இருந்தால் அது இன்னொரு சர்ஃபாக்டன்ட் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் கரைசல்: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் சோடியம் டோடெசில் சல்பேட். இந்தப் பொருளின் மூலக்கூறுகள் கரைசலுக்குள் மைசெல் என்ற கொத்துகளாகத் திரளத் தொடங்கும் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல், அதாவது சுமார் 2.3 கிராம். நாம் அதைப்போல் இரு மடங்கு எடுக்கிறோம். இதைவிடக் குறைந்தால் நுரை உருவாகும்போதே பரப்புக்குப் போதுமான மூலக்கூறுகள் கிடைக்காமல் குமிழிகள் உடைந்து, அளவீடு குழம்பும். இரண்டாவது கரைசல்: அதே அளவு சோடியம் டோடெசில் சல்பேட்டுடன் 0.3 கிராம் டோடெக்கனால். டோடெக்கனால் நீரில் எளிதில் கரையாது. 40 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, தெளியும்வரை கலக்கி, பிறகு அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். சோடியம் டோடெசில் சல்பேட் தூளை அளக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். அது மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

இந்த இடத்தில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு முறை விலை குறைந்த தூளை வாங்கி முதல் கரைசலைத் தயாரித்தேன். இரண்டு கரைசல்களும் ஒரே மாதிரி வடிந்தன. குழாயை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், இரண்டு வாரம் வீணாயிற்று. தூய தூள் ஒன்றைக் கடன் வாங்கிப் பார்த்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. தரம் குறைந்த தூளில் டோடெக்கனால் மாசாக ஏற்கெனவே இருக்கும் என்பது அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. நல்ல தூளின் கரைசலும் நாளடைவில் நீரால் சிதைந்து டோடெக்கனாலைத் தரும். எனவே அன்றன்று தேவையானதை அன்றன்றே கரையுங்கள். குளிர்ந்த அறையில் தூள் படிகமாகப் பிரிந்து கரைசல் கலங்கும். அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரே அளவுக் குமிழிகள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். மற்றவை சமமாக இருந்தால் வடியும் வேகம் குமிழி விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் 10 விழுக்காடு கூடினால் வேகம் 21 விழுக்காடு கூடிவிடும். இரண்டு கரைசல்களைக் குலுக்கி நுரையாக்கி ஒப்பிடுபவர்கள், பல நேரங்களில் சர்ஃபாக்டன்ட்டை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு குமிழி அளவைத்தான் ஒப்பிடுகிறார்கள். குலுக்கல் முறையை நான் இந்த வேலைக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

0.2 மி.மீ. ஊசியில் மெதுவாகக் காற்றை விட்டால் ஒன்றரை முதல் 2 மி.மீ. விட்டமுள்ள குமிழிகள் சீராக வரும். காற்றை வேகப்படுத்தினால் பெரிதும் சிறிதுமாக வரும். குழாய்ச் சுவரை ஒட்டிய குமிழிகளைக் கைப்பேசியில் அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து, குறைந்தது 30 குமிழிகளின் விட்டத்தை அளந்து சராசரி எடுங்கள். இரு கரைசல்களின் சராசரியும் நெருங்கி வரும்வரை காற்றின் வேகத்தைத் திருத்துங்கள்.

சிறிய குமிழிகள் இருந்தால் நுரை அழகாக இருக்குமே என்று கேட்கலாம். இரண்டு சிரிஞ்சுகளை இணைத்துக் கரைசலையும் காற்றையும் மாறிமாறித் தள்ளினால் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு விட்டமுள்ள குமிழிகளே கிடைக்கும். பார்க்க வெண்ணெய்போல் இருக்கும். ஆனால் நம் கேள்விக்கு அது உதவாது. சுவரின் இறுக்கம் என்பது தனியான குணமல்ல. சுவரின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஒரு பக்கம். நீரின் பாகுநிலையும் வாய்க்காலின் அகலமும் சேர்ந்த பெருக்கம் இன்னொரு பக்கம். இந்த இரண்டில் எது ஓங்குகிறது என்பதே கணக்கு. வாய்க்கால் மிகக் குறுகினால் தளர்ந்த சுவர்கூட நீரின் இழுப்புக்கு அசையாது. அப்போது இரண்டு கரைசல்களும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். போதாதற்கு, மிகச் சிறிய குமிழிகளுக்கு இடையே நுண்புழை விசை (குறுகிய இடைவெளிகள் நீரை ஈர்த்துப் பிடிக்கும் விசை) நீரைப் பல சென்டிமீட்டர் உயரம்வரை பிடித்து நிறுத்திவிடும். குட்டையான குழாயில் வடிதலே சரியாகத் தெரியாது.

மூன்றாம் படி: தானாக வடிய விடுதல்

குழாயின் அடியில் 6 செ.மீ. உயரத்துக்குக் கரைசலை ஊற்றிக் காற்றைத் திறந்துவிடுங்கள். நுரை 40 செ.மீ. உயரம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: கீழே குமிழி உருவாகிக்கொண்டிருக்கும்போதே மேலே நுரை வடியத் தொடங்கிவிடுகிறது. நுரை நிரம்பும் வேளையில் மேற்பகுதி வறண்டும் கீழ்ப்பகுதி ஈரமாகவும் இருக்கும். இதைச் சரிசெய்ய, நுரை ஏறிய பின்னும் மேலிருந்து அதே கரைசலை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டச் சொட்ட ஊற்றிக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் மேலிருந்து கீழ்வரை நுரை ஒரே அளவு ஈரமாகிவிடும். பிறகு காற்றையும் சொட்டையும் ஒரே கணத்தில் நிறுத்துங்கள். அந்தக் கணம்தான் உங்கள் சுழி நேரம். நீர்மட்டத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி 10 நொடிக்கு ஒரு முறை கைப்பேசி படமெடுக்கட்டும். நுரைக்கும் நீருக்கும் இடையிலான மட்டம் ஏறுவதைப் படங்களிலிருந்து வாசித்துவிடலாம். 40 செ.மீ. நுரையில் 5 விழுக்காடு நீர் இருந்தால், முழுவதும் வடியும்போது மட்டம் 2 செ.மீ. ஏறும். மில்லிமீட்டர் தாளில் படிக்க அது தாராளம். தொடக்கத்தில் மட்டம் சீராக ஏறும், பிறகு ஏற்றம் தளர்ந்து நீண்ட வால்போல் இழுக்கும். மொத்தத்தில் பாதி வடிய ஆன நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கரைசலுக்கும் மூன்று முறையாவது செய்யுங்கள்.

அடியில் சில மில்லிமீட்டர் நுரை எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஈரமாகவே இருக்கும். அது உங்கள் தவறல்ல. நீர்மட்டத்தைத் தொடும் நுரையில் நுண்புழை விசை புவியீர்ப்பைச் சமன்செய்து நீரைப் பிடித்துவைக்கிறது. அந்த ஈர அடுக்கின் தடிமனில்தான் பரப்பு இழுவிசை தன் கையை நேரடியாகக் காட்டுகிறது.

இரு கரைசல்களிலும் குமிழி அளவும் தொடக்க ஈரமும் ஒன்றாக இருந்தால், டோடெக்கனால் உள்ள நுரை மெதுவாக வடிவதைப் பார்ப்பீர்கள். ஆனால் மெதுவாக வடிந்ததாலேயே சுவர் இறுகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கரைசலே பாகாக இருந்தாலும் மெதுவாகத்தான் வடியும். 20 பாகையில் நீரில் எடைக்கணக்கில் 20 விழுக்காடு கிளிசரால் கலந்தால் பாகுநிலை 1.76 மடங்காகிவிடும், வேகம் அதற்கேற்பக் குறையும். வெப்பநிலையும் அப்படித்தான்: 20 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போனால் நீரின் பாகுநிலை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைகிறது. காலையில் ஒரு கரைசல், மதியம் மற்றொன்று என்று அளக்காதீர்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத பதிலுக்கு அடுத்த படிதான் வேண்டும்.

நான்காம் படி: மேலிருந்து ஊற்றி அளத்தல்

இந்தச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நுரையை 20 நிமிடம் தானாக வடியவிட்டு வறட்டிக்கொள்ளுங்கள். பிறகு மேலிருந்து அதே கரைசலை மாறாத வேகத்தில் விடுங்கள். சிரிஞ்சு பம்பு இருந்தால் நல்லது. இல்லையென்றால் சலைன் ஏற்றும் குழாயும் அதன் சொட்டுக் கட்டுப்பாட்டுச் சக்கரமும் போதும். ஈரமான பகுதிக்கும் வறண்ட பகுதிக்கும் இடையே தெளிவான ஓர் எல்லைக்கோடு உருவாகி, கலையாமல், ஒரே வேகத்தில் கீழே இறங்கும். கரைசலில் ஒரு சிட்டிகை ஃபுளூரசின் சாயம் கலந்து புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தக் கோடு பச்சையாக ஒளிரும். முதல் முறை பார்க்கும்போது நான் அளப்பதையே மறந்து நின்றேன்.

எல்லைக்கோடு 20 செ.மீ. இறங்க எடுக்கும் நேரத்தைக் குறித்து வேகத்தைக் கணக்கிடுங்கள். ஊற்றும் அளவை நிமிடத்துக்கு அரை மி.லி., 1 மி.லி., 2 மி.லி., 4 மி.லி. என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே நுரையை மீண்டும் வறட்ட வேண்டும். ஊற்றும் அளவை மிகவும் கூட்டினால் நுரையே சுழன்று புரளத் தொடங்கும். அந்த அளவீடுகளைத் தள்ளிவிடுங்கள்.

இனி விடை. சுவர் இறுகியிருந்தால் எல்லைக்கோட்டின் வேகம் ஊற்றும் அளவின் இருமடி மூலத்தைப் பின்பற்றும்: ஊற்றும் அளவு 8 மடங்கானால் வேகம் ஏறக்குறைய 2.8 மடங்கு. சுவர் தளர்ந்திருந்தால் மும்மடி மூலத்தைப் பின்பற்றும்: அதே 8 மடங்குக்கு வேகம் 2 மடங்குதான். இரண்டு அச்சுகளையும் மடக்கை (log) அளவில் வைத்து வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அதன் சாய்வு அரைக்கு அருகிலா, மூன்றில் ஒன்றுக்கு அருகிலா என்று பாருங்கள். பாகுநிலையும் குமிழி அளவும் கோட்டை மேலும் கீழும் நகர்த்தும். ஆனால் சுவரின் நிலை மாறாதவரை சாய்வு மாறாது. அதனால்தான் இந்தச் சோதனையை நம்பலாம்.

சாய்வு இரண்டுக்கும் நடுவில் வந்தால் பதற வேண்டாம். பாதி இறுகிய சுவர்களும் உண்டு; உண்மையான கலவைகள் பலவும் அங்கேதான் விழுகின்றன.

எண்கள் ஒத்துவராதபோது

ஒரே கரைசலின் மூன்று அளவீடுகளும் மூன்று விதமாக வந்தால் முதலில் நுரையின் மேற்பகுதியைப் பாருங்கள். மேலே சவ்வுகள் உடைந்துகொண்டிருந்தால் அவற்றின் நீரும் வடிநீரோடு சேர்ந்துவிடும். பெரும்பாலும் இது ஆவியாதலால் வருவது. குழாயின் வாயை ஈரத்துணியால் தளர்வாக மூடினால் அடங்கும்.

உடைதல் இல்லாமலே குமிழிகள் பருத்துக்கொண்டு போனால் காரணம் வாயு. சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம்; அதிலுள்ள வாயு சவ்வு வழியாகக் கசிந்து பெரிய குமிழிக்குப் போகிறது. கார்பன் டைஆக்சைடு நீரில் எளிதில் கரைவதால் மிக விரைவில் இது நடக்கும். நைட்ரஜனிலும் காற்றிலும் மெதுவாக நடக்கும். குமிழி பருத்தால் வடிதலும் விரைவுபடும், வறண்ட நுரையில் பருத்தலும் விரைவுபடும். ஒன்று மற்றொன்றைத் துரத்தும். சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் குமிழி விட்டத்தை அளந்து, வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டிய ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புரதக் கரைசலோடு முயல்பவர்களுக்கு ஒரு சொல்: பெரிய மூலக்கூறுகள் பரப்பில் வந்து அமர்ந்து பின்னிக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். குமிழியை மிக வேகமாக உருவாக்கினால் சுவர் இறுகும் முன்பே அளந்துவிடுவீர்கள்.

இரண்டு கரைசல்களிலும் கை பழகிய பிறகு, டோடெக்கனாலை 0.05, 0.1, 0.2 கிராம் என்று படிப்படியாகக் கூட்டி நான்காம் படியைத் திரும்பச் செய்யுங்கள். தளர்ந்த சுவர் இறுகத் தொடங்கும் செறிவை, சாய்வு மூன்றில் ஒன்றிலிருந்து அரையை நோக்கி நகரும் இடத்தில் உங்கள் வரைபடமே காட்டும்.